கூலி கேட்காத வேலைக்காரன்



செம்பனைத் தோட்டத்தில் அதிகமாக வேலை செய்வது யார் என்று கேட்டால் நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? குலை வெட்டுகிறவர் என்பீர்கள். இல்லை இல்லை, வெயிலில் குனிந்தபடியே உதிரிப் பழம் பொறுக்குகிற அம்மாதான் என்று இன்னொருவர் சண்டைக்கு வருவார். உரமூட்டை சுமக்கிறவரும் லாரி ஓட்டுகிறவரும் தங்கள் பங்குக்குக் குரல் கொடுப்பார்கள். எல்லாரும் உழைப்பாளிகள்தாம், மறுப்பதற்கில்லை. ஆனால் இவர்கள் எல்லாருக்கும் முன்பே வேலையைத் தொடங்கிவிடுகிற ஒருவன் இருக்கிறான். காலைப் பெரட்டில் அவன் பெயரைக் கூப்பிடுவதில்லை. செக்ரோலில் அவனுக்கு வரி கிடையாது. ஞாயிற்றுக்கிழமையும் இல்லை, தீபாவளியும் இல்லை. இதுவரை அவன் ஒரு காசு கூலி கேட்டதில்லை. ஆனால் அவன் ஒரு மாதம் வேலை நிறுத்தம் செய்தால், ஐந்தாறு மாதம் கழித்து வெட்டுவதற்கு நல்ல குலை இருக்காது.

யார் இந்த மகானுபாவன்? அரிசி மணியில் பாதி அளவே உள்ள ஒரு வண்டு. நீளம் மூன்று நான்கு மில்லிமீட்டர்தான். நிறம் கருமை கலந்த பழுப்பு. முகத்தில் யானைத் துதிக்கை போல ஒரு நீண்ட மூக்கு. அதனால் இதை மூக்கு வண்டு என்கலாம். விவசாயப் புத்தகங்களில் கூன்வண்டு என்று எழுதுவார்கள். விஞ்ஞானிகள் சூட்டிய பெயர் எலாயிடோபியஸ் கேமரூனிக்கஸ். பெயரிலேயே அதன் சொந்த ஊர் இருக்கிறது, பாருங்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள கேமரூன் நாடு. நம் முன்னோர் கப்பலேறி வந்தது போல இதுவும் ஒரு நாள் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்ததுதான். அந்தக் கதையைத்தான் இந்த மாதம் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

மரம் வந்தது, வண்டு வரவில்லை

செம்பனை நமது மண்ணின் மரம் அன்று. அதன் பிறந்தகம் மேற்கு ஆப்பிரிக்கா. 1848இல் நான்கே நான்கு கன்றுகள் ஜாவா தீவில் உள்ள போகோர் தாவரத் தோட்டத்தில் நடப்பட்டன. நமது நாட்டில் வியாபார முறையில் முதன்முதலாகச் செம்பனை நட்ட இடம் சிலாங்கூரில் பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கத்தில் உள்ள தென்னமாரம் தோட்டம், ஆண்டு 1917. தோட்டத்தின் பெயரைக் கேட்டாலே தமிழ் காதில் விழுகிறது அல்லவா?

அப்போது ரப்பருக்குத்தான் மதிப்பு. 1960களில் ரப்பர் விலை சரியத் தொடங்கியதும் நிலைமை மாறியது. பால் மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நடத் தொடங்கினார்கள். சிரம்பானைச் சுற்றியும் நெகிரி செம்பிலானின் மற்றப் பகுதிகளிலும் எத்தனையோ குடும்பங்கள் பால் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் குலை வெட்டும் உளியை எடுத்தன. உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

ஆனால் ஒரு சங்கடம் இருந்தது. மரம் வளர்ந்தது, பூத்தது. காய் மட்டும் சரியாகப் பிடிக்கவில்லை. குலையைப் பார்த்தால் பாதிக்குப் பாதி பொக்கு.

காரணம் என்ன? செம்பனையில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. இரண்டும் ஒரே மரத்தில்தான் வரும். ஆனால் ஒரே சமயத்தில் வராது. சில மாதம் ஆண் பூவாகவே தள்ளும், பிறகு சில மாதம் பெண் பூவாகவே தள்ளும். கணவன் ஊரில் இருக்கும்போது மனைவி இல்லை, மனைவி வரும்போது கணவன் இல்லை என்கிற கதைதான். ஆகவே இந்த மரத்து ஆண் பூவின் மகரந்தம் எங்கோ நிற்கும் இன்னொரு மரத்துப் பெண் பூவுக்குப் போய்ச் சேர வேண்டும். பெண் பூ அதை ஏற்றுக்கொள்ளும் காலமோ இரண்டு மூன்று நாள்தான். அது தவறினால் தவறியதுதான். அதிலும் இளம் மரங்களில் ஆண் பூ மிகக் குறைவு.

பாட்டிமார் பார்த்த வேலை

இதற்குத் தோட்ட நிர்வாகங்கள் கண்ட வழி, மனிதக் கையால் மகரந்தம் சேர்ப்பது. ஆண் பூவிலிருந்து மகரந்தத்தைத் தட்டி எடுத்து, உலர்த்தி, முகத்துக்குப் போடும் பவுடர் இருக்கிறதே, அந்த டால்கம் தூளோடு கலந்துகொள்வார்கள். பிறகு மரம் மரமாகப் போய், மலர்ந்திருக்கும் பெண் பூவைத் தேடி, குழாயால் அந்தத் தூளை அடிக்க வேண்டும். ஒரு தடவை அடித்தால் போதாது. இன்று பார்த்த மரத்தை இரண்டு மூன்று நாளில் திரும்பப் பார்க்க வேண்டும். வாரம் முழுவதும், ஆண்டு முழுவதும் இதே சுற்றுத்தான்.

இந்த வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்தார்கள். சொல்வதற்குச் சுலபமான வேலை. செய்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். மட்டையின் அடியில் ஊசி ஊசியாக முள். அதற்குள் கையை விட வேண்டும். மட்டை இடுக்கில் தேள் இருக்கலாம், பாம்பும் இருக்கலாம். இன்று எழுபது வயதைத் தாண்டிய பாட்டிமாரில் அந்த முள் கீறிய தழும்போடு இருப்பவர்கள் உண்டு. அவர்கள் செய்த வேலை என்ன தெரியுமா? ஒரு வண்டு செய்ய வேண்டிய வேலையை, அந்த வண்டு இல்லாத நாட்டில், அதற்குப் பதிலாகச் செய்தார்கள்.

அந்தக் காலத்தில் நிபுணர்கள் பலரும் செம்பனையின் மகரந்தத்தைக் காற்றுதான் கொண்டுபோகிறது என்று நம்பியிருந்தார்கள். லெஸ்லி டேவிட்சன் என்ற தோட்டத் துரைக்கு மட்டும் அதில் சந்தேகம். யூனிலீவர் கம்பெனியின் தோட்டங்களில் வேலை பார்த்தவர் அவர். கேமரூனையும் பார்த்தவர், சபாவையும் பார்த்தவர். கேமரூனில் யாரும் கையால் தூள் அடிக்கவில்லை. ஆனாலும் குலை நிறையக் காய். அங்கே பூக்களைச் சுற்றி ஏதோ சின்னஞ்சிறு வண்டுகள் மொய்த்தன. இங்கே அந்த வண்டு இல்லை. காற்று மட்டும் இரண்டு நாட்டிலும் வீசுகிறது. அப்படியானால் வித்தியாசம் எதில்?

எழுபதுகளில் அவர் கம்பெனியில் உயர்ந்த பதவிக்கு வந்ததும் இதை ஆராயச் சொன்னார். 1977இல் டாக்டர் ரகுமான் சையது என்ற பாகிஸ்தான் நாட்டுப் பூச்சியியல் நிபுணர் கேமரூனுக்குப் போனார். பூச்சிகளை அண்டவிடாமல் தடுத்துப் பார்த்தால் காய்ப்பு வெகுவாகக் குறைந்தது. பல வகை வண்டுகள் பூவுக்கு வந்தன. மழைக்காலத்திலும் வெயில் காலத்திலும் ஒரே மாதிரி உழைக்கக்கூடியது எது என்று தேடி அவர் தேர்ந்தெடுத்ததுதான் நமது மூக்கு வண்டு.

சோம்பு மணக்கும் தந்திரம்

இனி இந்த வண்டுக்கும் மரத்துக்கும் உள்ள ஒப்பந்தத்தைக் கேளுங்கள். வேடிக்கையாக இருக்கும்.

ஆண் பூ மலரும்போது ஒரு வாசனை கிளம்பும். தோட்டத்தில் நடந்தவர்கள் கவனித்திருப்பீர்கள். நம் அடுக்களையில் இருக்கும் சோம்பின் வாசனை. அந்த மணம் எட்டியதும் வண்டுகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பூவின் மேல் ஊர்ந்து, பூவைத் தின்று, ஜோடி சேர்ந்து, அதிலேயே முட்டையிடும். பொரிந்து வரும் புழுக்கள் வாடிப்போன ஆண் பூவைத் தின்று வளரும். இரண்டு வாரம் போல ஆனதும் புதிய வண்டுகளாக வெளியே வரும். ஒரே பூவிலிருந்து ஆயிரக்கணக்கில் வரும். ஆண் பூதான் அவற்றுக்குச் சாப்பாட்டுக் கடை; அதுவேதான் கல்யாண மண்டபம், பிள்ளைத் தொட்டில்.

சரி, பெண் பூவுக்கு ஏன் போகிறது? அங்கேதான் மரத்தின் சாமர்த்தியம். பெண் பூவும் அதே சோம்பு வாசனையைக் கொஞ்சமாக விடும். வண்டு ஏமாந்து அங்கே போகும். போய்ப் பார்த்தால் தின்னவும் ஒன்றுமில்லை, முட்டையிடவும் இடமில்லை. சட்டென்று திரும்பிவிடும். ஆனால் அதற்குள் அதன் உடம்பில் ஒட்டியிருந்த மகரந்தம் பெண் பூவில் உதிர்ந்துவிடுகிறது. வந்த வேலை வண்டுக்கு முடியவில்லை, மரத்துக்கு முடிந்துவிட்டது! பாட்டிமார் முள்ளில் கைவிட்டுச் செய்த வேலை இதுதான்.

வண்டைக் கொண்டுவர வேண்டும் என்று தீர்மானித்ததும் அவசரப்பட்டு மூட்டை கட்டிவிடவில்லை. ஒரு நாட்டுப் பூச்சியை இன்னொரு நாட்டுக்குக் கொண்டுவருவது விளையாட்டல்ல. வந்த இடத்தில் அது நெல்லையும் தென்னையையும் தின்னத் தொடங்கினால் யார் ஜவாப்தாரி? ஆகவே 1980இல் இங்கே கொண்டுவந்து, வெளியே விடாமல் அடைத்து வைத்துச் சோதித்தார்கள். மற்றப் பயிர்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். செம்பனை ஆண் பூவைத் தவிர வேறு எதிலும் அது இனம் பெருக்கவில்லை. அதன் பிறகே அரசாங்கம் அனுமதி கொடுத்தது. 1981 பிப்ரவரியில் ஜொகூர் மாநிலம் குளுவாங்கில் வண்டுகளைத் திறந்துவிட்டார்கள்.

பிறகு நடந்தது ஆச்சரியம்தான். தீபகற்பம் முழுவதும் வெகு சீக்கிரத்தில் வண்டு பரவிவிட்டது. நெகிரி செம்பிலானுக்கு யாரிடமும் பஸ் டிக்கெட் கேட்கவில்லை. தானே பறந்து வந்து சேர்ந்தது. நூறு பூவில் ஐம்பது போலக் காய் பிடித்த இடத்தில் எழுபதுக்கு மேல் பிடித்தது. குலை கனத்தது. காய்கள் நெருங்கிக் காய்த்ததால் ஆலையில் அவற்றை உதிர்ப்பதே புதுப் பிரச்சினையாயிற்று என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது என்று சும்மாவா சொன்னார்கள்!

இந்தக் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. வண்டு வந்ததும் கையால் தூள் அடிக்கும் வேலை நின்றுபோனது. முள் குத்துவது நின்றது, உண்மை. அந்தக் கூலியும் நின்றது, அதுவும் உண்மை. வண்டால் மிச்சமான பணம் பல கோடி ரிங்கிட். அந்த லாபத்தின் கணக்கை எழுதியவர்கள் நிறையப் பேர். அந்தப் பெண்களின் கூலிக் கணக்கு எந்தப் புத்தகத்திலும் அவ்வளவாகத் தென்படுவதில்லை. ஆகவே வண்டின் பெருமையைச் சொல்லும்போதெல்லாம், அதற்கு முன்பு அந்த இடத்தில் நின்று இந்த நாட்டுச் செம்பனையைக் காய்க்க வைத்த கைகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வண்டு வந்தது 1981இல். அதுவரை அந்த வண்டாக இருந்தவர்கள் நம் வீட்டுப் பெண்கள்.

ஒரே மருந்து இரண்டு ஊருக்கு ஆகாது

வண்டு நண்பன் என்றதும், பூச்சியெல்லாம் நண்பன் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். கொசு இருக்கிறதே!

மலேரியா கொசுவால் பரவுகிறது என்பதற்கு அடிப்படையான உண்மையை 1897இல் ரொனால்டு ராஸ் என்ற டாக்டர் இந்தியாவில், செகந்திராபாத்தில் கண்டுபிடித்தார். அந்தக் காலத்தில் மலாயாத் தோட்டங்களில் நம் ஜனங்கள் மலேரியாவால் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். மால்கம் வாட்சன் என்ற டாக்டர் 1901 முதல் கிள்ளான் வட்டாரத்தில் சதுப்பு நீரை வடியவைத்து, காட்டை வெட்டச் சொல்லி, நோயைக் குறைத்தார். காரணம், சமவெளியில் நோய் பரப்பிய கொசு நிழலில் தேங்கிய நீரில் வளர்வது.

நல்ல வழி கிடைத்தது என்று மலைச்சரிவிலும் காட்டை வெட்டினால், அங்கே காய்ச்சல் குறைவதற்குப் பதிலாகக் கூடிவிட்டது! மலைப்பக்கம் நோய் பரப்புவது வேறு கொசு. வெயில் படும் தெளிந்த ஓடைநீர்தான் அதற்குப் பிடிக்கும். மரத்தை வெட்டி ஓடைக்கு வெயில் காட்டியதும் அதற்குக் கொண்டாட்டமாகிவிட்டது. அங்கே நீரை மண்ணுக்கடியில் குழாய் வழியாக விட வேண்டும், ஓடையில் எண்ணெய் தெளிக்க வேண்டும் என்று பிறகு கண்டார்கள். கொசு என்று பொதுவாகச் சொன்னால் போதாது, எந்தக் கொசு என்று தெரிய வேண்டும் என்பதை அந்த நாள் தோட்டங்கள் உயிரைக் கொடுத்துக் கற்றன.

இது பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். 1998 செப்டம்பரில் பேராக்கில் ஈப்போவைச் சுற்றி ஒரு மூளைக்காய்ச்சல் பரவியது. பிறகு நமது சிரம்பானுக்குப் பக்கத்தில் சிக்காமட்டுக்கும், அங்கிருந்து போர்ட்டிக்சன் பக்கம் புக்கிட் பெலண்டோக், சுங்கை நிப்பா கிராமங்களுக்கும் வந்தது. கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல்தான் என்று நினைத்துப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் அடங்கவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதிய கிருமி ஒன்றைக் கண்டுபிடித்தார். பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதருக்கும் தொற்றிய கிருமி அது. அந்தக் கிராமத்தின் பெயரால் நிப்பா வைரஸ் என்று உலகம் முழுவதும் அழைக்கப்படுகிறது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். பத்து லட்சம் பன்றிகள் கொல்லப்பட்டன. இந்த வழக்கில் கொசு நிரபராதி! அதை விரட்டிக்கொண்டிருந்த மாதங்களில் உண்மையான வழியே நோய் பரவிக்கொண்டிருந்தது.

நாம் செய்யக்கூடியது

ஆக, பூச்சியைக் கண்டால் நசுக்குவதும் தப்பு. எல்லாம் ஆண்டவன் படைப்பு என்று சும்மா இருப்பதும் தப்பு. இனம் தெரிந்து பழக வேண்டும். நம்மால் ஆகக்கூடிய சில காரியங்களைச் சொல்கிறேன்.

சொந்தமாக ஓரிரண்டு ஏக்கர் செம்பனை வைத்திருப்பவர்கள், வாடிக் கறுத்த ஆண் பூவை அசிங்கமாக இருக்கிறதென்று வெட்டி எறியாதீர்கள். அதற்குள் வண்டுக் குஞ்சுகள் வளர்ந்துகொண்டிருக்கும். பூச்சி மருந்து அடித்தே தீர வேண்டுமென்றால், எந்தப் புழுவுக்கு, எந்த மருந்து, எந்த நேரத்தில் என்று விவரம் தெரிந்தவரைக் கேட்டு அடியுங்கள். கண்ட மருந்தைக் கண்ட நேரத்தில் அடித்தால் எதிரியோடு வேலைக்காரனும் போய்விடுவான். சில இடங்களில் இப்போது மறுபடியும் காய்ப்புக் குறைகிறது என்றும், வண்டு குறைவதும் அதற்கு ஒரு காரணம் என்றும் ஆராய்ச்சியாளர்கள் கவலைப்படுகிறார்கள். இந்தோனேசியாவில் பெட்டியில் வண்டைப் பொரிக்க வைத்து, மகரந்தத்தைத் தூவி, தோட்டத்தில் பறக்கவிடும் அளவுக்கு வந்திருக்கிறது.

செம்பனைத் தோட்டச் சாலையோரம் மஞ்சள் பூச்செடியும் இளஞ்சிவப்புக் கொடிப்பூவும் வரிசையாக நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அழகுக்காக மட்டும் நட்டதல்ல. ஓலைத் துணுக்கால் பை கட்டிக்கொண்டு, அதற்குள் ஒளிந்தபடி செம்பனை ஓலையைத் தின்னும் பைப்புழு ஒன்று உண்டு. அந்தப் புழுவின் மேல் முட்டையிட்டு அதை ஒழிக்கும் சிறு குளவிகளுக்குத் தேன் வேண்டுமே, அதற்காக நட்ட பூ. போகிற போக்கில் பூசைக்கென்று கொத்தோடு பறித்துவிடாதீர்கள். கொஞ்சம் குளவிக்கும் விட்டு வையுங்கள்.

தாமான் வீட்டுக்குக் குடிபோனவர்களுக்கு வேறு சொல்ல வேண்டும். டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், மூடாத வாளி, இவற்றில் தேங்கும் தெளிந்த நீர்தான் அதற்கு வீடு. கடிப்பதும் பகலில். புகை வண்டி வந்து அடித்துவிட்டுப் போகும் என்று காத்திராமல், வாரம் ஒரு தரம் வீட்டைச் சுற்றி வந்து அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். எந்தக் கொசு என்று தெரிந்தால் எங்கே தேடுவது என்றும் தெரியும்.

கடைசியாகப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை. பக்கத்தில் செம்பனை இருந்தால், பெரியவர்கள் துணையோடு காலை வேளையில் போய், மலர்ந்த ஆண் பூ ஒன்றைத் தேடுங்கள். முதலில் மோந்து பாருங்கள், சோம்பு மணக்கிறதா என்று. பிறகு பூவைத் தொடாமல் உற்றுப் பாருங்கள், அரிசி மணியில் பாதி அளவில் யாராவது ஊர்கிறார்களா என்று. பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் உங்கள் பாட்டியிடம், அந்த நாளில் இந்த வேலையை எப்படிச் செய்தார்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். வண்டைப் பற்றி எழுத விஞ்ஞானிகள் இருக்கிறார்கள்; பாட்டியைப் பற்றி எழுத உங்களைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

அடுத்த மாதம் சந்திப்போம்.